15 கிராம் தூள், 3 நிமிடம், ஒரு கோப்பை

நம் வீட்டு பில்டரில் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடிவிட்டால் நம் வேலை முடிந்தது. டிகாக்‌ஷன் தன் போக்கில் இறங்கும். அவசரப்படுத்தினாலும் இறங்காது, மறந்துபோனாலும் கெட்டுவிடாது. போர் ஓவர் என்று இப்போது காபிக் கடைகளில் சொல்லும் முறையில் அந்தச் சௌகரியம் கிடையாது. கூம்பு வடிவ டிரிப்பரில் காகிதத்தை விரித்து, தூளைப் போட்டு, வெந்நீரைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மூன்று நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்குக் கூலியாக, பாலும் சர்க்கரையும் தேவைப்படாத தெளிந்த காபி ஒரு கோப்பை கிடைக்கும்.

முதன்முதலில் பார்ப்பவர்கள் “இவ்வளவு தண்ணியாவா காபி குடிப்பாங்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டிகாக்‌ஷன் பாலுக்கு ஈடு கொடுக்க வேண்டியது, அதனால் கெட்டியாக இருந்தாக வேண்டும். இங்கே பால் கிடையாது. கொட்டை எந்த மலையில் விளைந்தது, எப்படிக் காயவைத்தார்கள், எவ்வளவு வறுத்தார்கள் என்பதெல்லாம் நாக்குக்குத் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு அது நீர்த்திருக்க வேண்டும். காலையில் டவரா டம்ளர், சாயங்காலம் இது என்று வைத்துக்கொள்ள ஒரு தடையும் இல்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காகிதத்தில் வடிக்கும் யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத்தலைவிக்குக் காபியில் மிதக்கும் மண்டியும் அதனால் வரும் கசப்பும் பிடிக்கவில்லை. ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளையிட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை அதில் விரித்து வடித்துப் பார்த்தார். 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்று, அதே ஆண்டில் தன் பெயரிலேயே நிறுவனமும் தொடங்கினார். 1941இல் அமெரிக்காவில் பீட்டர் ஷ்லும்போம் என்ற வேதியியலாளர் இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குடுவையாக கெமெக்ஸை உருவாக்கினார். இன்று நம் ஊர் வீடுகளில் அதிகம் காணக்கிடைப்பது ஜப்பானின் ஹரியோ நிறுவனம் செய்யும் வி60. 60 டிகிரி கூம்பு, உட்சுவரில் சுழன்று இறங்கும் வரிகள், அடியில் ஒரே பெரிய துளை. துளை பெரிதாக இருப்பதால் தண்ணீரை டிரிப்பர் தடுப்பதில்லை. எவ்வளவு வேகத்தில் இறங்க வேண்டும் என்பதைத் தூளும் உங்கள் கையும்தான் முடிவு செய்கின்றன.

காகிதம் மண்டியை மட்டும் நிறுத்துவதில்லை, காபிக் கொட்டையின் எண்ணெயையும் பெரும்பாலும் பிடித்துவைத்துக்கொள்கிறது. கோப்பை தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதுவே. அந்த எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டக்கூடியது. வடிகட்டாமல் கொதிக்கவைத்த காபியில் அது அதிகம், காகிதத்தில் வடித்த காபியில் மிகக் குறைவு.

இனி, உள்ளே நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வறுத்த காபியில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையும், மீதி வெறும் நார். கரையக்கூடியது மொத்தத்தையும் கரைத்துவிட்டால் வாயில் வைக்க முடியாது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் செய்த ஆய்வுகளிலிருந்து இன்றுவரை புழக்கத்தில் உள்ள கணக்கு, தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் கரைந்தால் சுவை நன்றாக இருக்கும் என்பது. எல்லாம் ஒரே நேரத்தில் கரைவதும் இல்லை. புளிப்பு முதலில் வந்துவிடும். இனிப்பாக உணரப்படுபவை அதன்பின். கசப்பும் துவர்ப்பும் கடைசியில். சீக்கிரம் நிறுத்தினால் புளிக்கும், அளவு மீறினால் கசக்கும். நாம் செய்வது, நடுவில் சரியான இடத்தில் நிறுத்துவது.

எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் தூளின் பருமனுக்கு. ஆயிரக்கணக்கில் செலவழித்து அழகான கெட்டில் வாங்கிவிட்டு, டப்பாவில் அடைத்த நைஸ் தூளைப் போட்டு, “கசக்குதே” என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். பணம் குறைவாக இருந்தால் அதை கிரைண்டரில் போடுங்கள். கையால் சுற்றும் சின்ன கிரைண்டர் போதும். ஆனால் அதில் பிளேடு இருக்கக் கூடாது, பல் வைத்த பர் இருக்க வேண்டும். பர், கொட்டையை இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நசுக்கி ஏறக்குறைய ஒரே அளவாக்குகிறது. மிக்ஸியின் பிளேடு கையில் அகப்பட்டதை வெட்டுகிறது. கொஞ்சம் மாவாகிவிடும், கொஞ்சம் குருணையாகவே நிற்கும். மாவானது அளவுக்கு மீறிக் கரைந்து கசக்கும், குருணை பாதி கரைந்து புளிக்கும். ஒரே கோப்பையில் இரண்டு குறையும் சேர்ந்து வரும்.

மிக்ஸிதான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. ஓடவிடாமல், விட்டுவிட்டு ஒரு நொடி ஒரு நொடியாக அடித்து, நடுநடுவே ஜாரைக் குலுக்குங்கள். பிறகு மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, கீழே விழும் நைஸ் தூளை எடுத்துவிடுங்கள். அது வீணாகாது, அடுத்த நாள் பில்டருக்கு ஆகும். மேலே நிற்பதை மட்டும் டிரிப்பரில் போடுங்கள்.

எந்த அளவு? பில்டர் காபித் தூளைவிடக் கொரகொரப்பாக. விரலுக்கு நடுவே தேய்த்தால் மணல் மணலாகத் தெரிய வேண்டும், பம்பாய் ரவைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் வாங்குவதானால், “சிக்கரி வேண்டாம், கொரகொரப்பா அரைச்சுக் கொடுங்க” என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பில்டருக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அரைத்த தூளின் வாசனை சில நாட்களிலேயே இறங்கிவிடும் என்பதால் 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள்.

சிக்கரி கலந்த தூள் இதற்கு உதவாது. அது காபியைவிட அதிகம் கரையும், காபியின் மணத்தை மூடிவிடும், பாலில்லாத போது வெறும் கசப்பாகவே நிற்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி கலந்தது என்றால் எத்தனை சதவீதம் காபி, எத்தனை சதவீதம் சிக்கரி என்று அச்சிட்டாக வேண்டும் என்பது சட்டம். 51 சதவீதம் காபி இருந்தாலே சட்டப்படி அது விற்கத் தகுதியானது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டையைப் பொறுத்தவரை, அரபிகாவில் தொடங்குவது நல்லது. இந்தியாவில் அதிகம் விளைவது ரொபஸ்டா. டிகாக்‌ஷனுக்குக் கனம் கொடுக்கும், நுரை கொடுக்கும், ஆனால் பாலில்லாமல் குடிக்கக் கொஞ்சம் முரட்டுத்தனம். தமிழ்நாட்டு மலைகளில் விளைவதில் பெரும்பங்கு அரபிகாதான் என்பது நமக்கு வாய்த்த வசதி. ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் எல்லாம் சில்வர் ஓக் நிழலிலும் மிளகுக் கொடிகளுக்கு நடுவிலும் அது வளர்கிறது. சிக்மகளூர், குடகுக் கொட்டைகளும் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. வணிகத்தில் ‘பிளான்டேஷன்’ என்று குறிப்பிட்டால் அது சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகா, சுவை தெளிவாக இருக்கும். ‘செர்ரி’ என்றால் பழத்தோடு காயவைத்தது, பழவாசனையும் கனமும் கூடுதலாக இருக்கும். முதல் பாக்கெட்டுக்கு பிளான்டேஷனைச் சொல்வேன்.

பீபெரி என்றால்தான் உயர்ந்த காபி என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. காபிப் பழத்தில் வழக்கமாக இரண்டு விதைகள் முகம் பார்த்திருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டுமே வளர்ந்து உருண்டையாகிவிடும், அதுதான் பீபெரி. உருண்டை என்பதால் வறுக்கும்போது ஒரே சீராக உருளும். மற்றபடி அது எந்தத் தோட்டத்தில், எந்தச் செடியில் விளைந்ததோ அதன் சுவைதான் அதற்கும். அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அதைவிட, பாக்கெட்டில் வறுத்த தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வறுத்து ஒரு வாரம் ஆகியிருந்தால் நல்லது, ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டால் இன்னும் நல்லது. காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பிரிட்ஜ் வேண்டாம். எடுத்து எடுத்து வைக்கும்போது ஈரம் ஏறும், பக்கத்தில் இருக்கும் குழம்பின் வாசனையும் ஏறும்.

அடுத்தது தண்ணீர். கோப்பையில் இருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஆனாலும் பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால், அதிலுள்ள பைகார்பனேட் காபியின் புளிப்பை முறித்துவிடும். புளிப்பு போனால் உயிரும் போய், சப்பென்று சுண்ணாம்பு வாடையோடு நிற்கும். கெட்டிலின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிற வீடுகளில் இது நிச்சயம். ஆர்.ஓ. தண்ணீருக்கு எதிர்க் குறை. சுவையைப் பிரித்தெடுக்கத் தேவையான கால்சியம், மக்னீசியம் அதில் மிகக் குறைவு. காபி மெலிந்து, புளிப்பு மட்டும் குத்தும். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து பார்க்கலாம். முக்கால் பங்குக்குக் கால் பங்கில் தொடங்குங்கள். ஆர்.ஓ. சர்வீசுக்கு வருபவரிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், 150 பக்கத்தில் வந்தால் போதுமானது. டி.டி.எஸ். எண் என்னென்ன உப்பு இருக்கிறது என்று சொல்லாது, எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். ஆகவே கடைசித் தீர்ப்பு நாக்குடையது.

வெப்பம் 90 முதல் 96 டிகிரிக்குள். தெர்மாமீட்டர் தேவையில்லை. தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்தால் சரியாக இருக்கும். இளம் வறுவல் என்றால் பொறுக்கவே வேண்டாம். கருக வறுத்தது என்றால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் கொதித்த உடனே ஊற்றலாம். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

சாமான்களில் விட்டுவிட முடியாதது தராசு. ஸ்பூன் கணக்கு இங்கே எடுபடாது. கருக வறுத்த கொட்டை உப்பி லேசாகிவிடும், இளம் வறுவல் கனமாக இருக்கும். ஒரே ஸ்பூனில் எடை மாறிப்போகும். சமையலறையில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். டிரிப்பரில் பிளாஸ்டிக்கே நல்லது, விலையும் குறைவு, வெப்பத்தையும் இழுத்துக்கொள்ளாது. பீங்கான் அழகாக இருக்கும், ஆனால் நன்றாகச் சூடேற்றாவிட்டால் முதல் தண்ணீரின் சூட்டை அதுவே குடித்துவிடும். நீண்ட மூக்குள்ள கெட்டில் இல்லையென்றால், கொதித்த தண்ணீரை மூக்கு வைத்த கெண்டிக்கு மாற்றி ஊற்றுங்கள். மாற்றும்போதே சில டிகிரி இறங்கிவிடும் என்பதால் அரை நிமிடம் பொறுக்க வேண்டியதில்லை.

இப்போது காபி போடலாம். 15 கிராம் தூள், 250 கிராம் தண்ணீர். தண்ணீரையும் எடையாகவே கணக்கிடுங்கள், தராசு மேலேயே கோப்பை இருப்பதால் அதுதான் சுலபம். தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும், கோப்பையில் 220 கிராம் அளவுக்குத்தான் இறங்கும்.

காகிதத்தின் ஒட்டுப் பக்கத்தை மடித்து டிரிப்பரில் பொருத்தி, வெந்நீரால் முழுதும் நனையுங்கள். காகித வாடை போகும், டிரிப்பரும் கோப்பையும் சூடேறும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூளைப் போட்டு, லேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். பில்டரில் செய்வதுபோல் அழுத்தக் கூடாது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கைபேசியில் கடிகாரத்தை ஓடவிடுங்கள்.

முதலில் 45 கிராம் மட்டும். தூள் எங்கும் நனையும்படி ஊற்றிவிட்டு, டிரிப்பரை எடுத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். தூள் பொங்கி எழுந்து குமிழ் விடும். வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அது உள்ளே இருக்கும்வரை தண்ணீரை நெருங்கவிடாது, அதனால்தான் இந்தக் காத்திருப்பு. 45 நொடி ஆகட்டும். பொங்கவே இல்லையென்றால் தூள் பழசு என்று அர்த்தம்.

பிறகு நடுவில் தொடங்கி, மெல்லிய தாரையாக வட்டமிட்டு, தராசு 150 காட்டும்வரை ஊற்றுங்கள். காகிதச் சுவர்மேல் நேராக ஊற்றாதீர்கள், தூளைத் தொடாமலே தண்ணீர் கீழே போய்விடும். தாரை மிக உயரத்திலிருந்து விழுந்தால் நடுவில் குழி பறிக்கும். கொஞ்சம் இறங்கியதும் மீதி 100 கிராமையும் அதேபோல் ஊற்றி முடியுங்கள். கடிகாரத்தில் இரண்டு நிமிடத்துக்குள் ஊற்றி முடித்திருக்க வேண்டும். கடைசியாக இன்னொரு முறை மெதுவாகச் சுற்றினால், சுவரில் ஒட்டிய தூளெல்லாம் இறங்கிச் சமமாக உட்காரும். மூன்று நிமிட அளவில் வடிந்து முடியும்.

இதுதான் ஒரே முறை என்று எண்ண வேண்டாம். 2016இல் உலக புரூவர்ஸ் கப் போட்டியில் வென்ற ஜப்பானின் டெட்சு கசுயா, 20 கிராம் தூளை இதைவிடக் கொரகொரப்பாக அரைத்து, 300 கிராம் தண்ணீரை ஐந்து தவணையாகப் பிரித்து ஊற்றுவார். முதல் இரண்டு தவணைகளின் அளவை மாற்றிப் புளிப்பையும் இனிப்பையும் கூட்டிக் குறைக்கலாம் என்பது அவர் வழி. அதுவும் அருமையாக வரும். ஆனால் ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு கை பழகும்வரை அதிலேயே நில்லுங்கள்.

ஊற்றியதும் குடிக்காதீர்கள். மிகச் சூட்டில் நாக்குக்கு வேறுபாடு தெரியாது. சில நிமிடம் ஆறவிட்டு ஒரு வாய், இன்னும் ஆறியபின் ஒரு வாய். இனிப்பும் பழப்புளிப்பும் அப்போதுதான் வெளியே வரும்.

நன்றாக இல்லையென்றால் காரணத்தை நாக்கிடமே கேட்கலாம். வெடுக்கென்று புளித்து, விழுங்கியதும் சுவை அறுந்துவிட்டால் போதிய அளவு கரையவில்லை. அடுத்த முறை ஒரு படி நைஸாக அரையுங்கள். கசந்து, நாக்கின் ஓரம் துவர்த்து வறண்டால் அளவு மீறிக் கரைந்துவிட்டது. ஒரு படி கொரகொரப்பாக்குங்கள். நெல்லிக்காயும் எலுமிச்சையும் தெரிந்த நமக்கு நல்ல புளிப்பையும் காய்ப்புளிப்பையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. காபியில் இருக்க வேண்டியது பழுத்த ஆரஞ்சின் புளிப்பு, அதன் பின்னாலேயே இனிப்பும் வரும். சுவை சரியாக இருந்து மெலிவாக மட்டும் இருந்தால் அரைப்பைத் தொடாதீர்கள், தூளை 16 கிராமாக்குங்கள். புளிப்பும் கசப்பும் ஒன்றாக வந்தால் அரைப்பு சீராக இல்லை, அல்லது தண்ணீர் தூளில் ஒரு வழியைக் கண்டுபிடித்து அதன் வழியே மட்டும் ஓடியிருக்கிறது. வடிந்தபின் தூள்படுகையைப் பாருங்கள். சமமாக இருக்க வேண்டும், நடுவில் பள்ளம் இருந்தால் ஊற்றிய வேகம் அதிகம்.

கடிகாரமும் இதையே வேறு வழியில் சொல்லும். இரண்டு நிமிடத்திலேயே வடிந்துவிட்டால் தூள் பெரிது. நாலு நிமிடம் தாண்டியும் சேறாகத் தேங்கி நின்றால் தூள் நைஸ், அல்லது மாவு அதிகம். எதுவானாலும் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைப்பையும் வெப்பத்தையும் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

விருந்தாளி வந்து இரண்டு கோப்பை வேண்டுமென்றால் 30 கிராம் தூள், 500 கிராம் தண்ணீர். இதற்குப் பெரிய டிரிப்பர் வேண்டும். தூள்படுகை இன்னும் ஆழமாவதால் தண்ணீர் இறங்க நேரமாகும், அதே அரைப்பில் போட்டால் கசந்துவிடும். ஒரு படி கொரகொரப்பாக அரைத்து, முதலில் 90 கிராம் ஊற்றிக் காத்திருந்து, மீதியை மூன்று தவணையாக ஊற்றுங்கள். மூன்றரை நிமிடத்திலிருந்து நாலு நிமிடத்துக்குள் முடிந்தால் சரி.